பதினாறாம் வாய்ப்பாடும் ஒரு கூறைச் சேலையும்

கஜா பெராங்கில் நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே, மத்தியான நேரங்களில் ஓர் ஆண்குரல் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும். கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வேகம் கூடாது, குறையாது. யாரோ பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கீழே கடை வைத்திருந்த கலியாணசுந்தரம், பூங்காவனம் தம்பதிக்குப் பிள்ளை கிடையாது. கடை, போட்டோ ஸ்டூடியோ. அங்கே பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சம்.

மரக்கடை ஆபீசில் எனக்குப் பாதி நாள் வேலைதான். மற்ற நேரம் ஸ்டூடியோ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். எதுகை மோனை இல்லாத கவிதைகள் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரத் தொடங்கியிருந்தன. பூங்காவனம் அக்கா ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, வரி பாதியிலயே நிக்குது? எழுதுனவருக்கு மை தீந்து போச்சா?"

"அப்படித்தான் எழுதுறாங்கக்கா இப்ப."

"பரவால்ல. எங்க ஆளு எடுக்குற படம் மாதிரிதான். மிச்சத்த நாமதான் போட்டுக்கணும்."

மிச்சத்தைப் போடுவது அவர் வேலை. கலியாணசுந்தரம் அண்ணன் படம் எடுத்து, சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த அலமாரி அளவு இருட்டறையில் பிலிமைக் கழுவுவார். அதன் பிறகு பிலிம் அக்காவின் கைக்குப் போய்விடும். பின்கட்டில் மஞ்சள் விளக்கை வைத்துக்கொண்டு அவர் தாளில் படம் ஏற்றுவார். காய்ந்ததும் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சின்னச் சின்னக் குழாய்களிலிருந்து எண்ணெய்ச் சாயம் தொட்டுக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போடுவார். அண்ணன் சாயக் குழாய்களைத் தொடவே மாட்டார். இவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு மணப்பெண்ணின் உதட்டுக்கு அவர் போட்ட கலரைப் பார்த்து, வெற்றிலைக்குப் பதில் காப்பித்தூளை மென்றாளா என்று பெண்வீட்டார் கேட்டார்களாம். அன்றோடு விட்டுவிட்டார்.

ஆனால் படம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாராவது உள்ளே நுழைந்ததுமே, "அந்தத் துண்ட எடுத்துருங்க, கறுப்பா விழும்" என்பார். அல்லது, "இந்தச் சட்டை வெள்ளையா விழும், பரவால்லயா?" என்பார். தவறியதே இல்லை. அந்தக் காலத்து பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவானாலும் கறுப்பாகவே வாங்கிக்கொள்ளும். நீலத்தையோ வெள்ளையாக்கிவிடும். நிறத்துக்கு நிறம் பிலிம் என்ன செய்யும் என்று மற்றவர்கள் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டும். அண்ணன் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்.

இதனால் கல்யாணப் படங்களுக்கு அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. கூறைச் சேலை சிவப்பு. அப்படியே எடுத்தால் கறுப்பாக விழும். அக்காவின் சாயம் கண்ணாடி மாதிரி மெல்லியது, கறுப்பின் மேல் ஏறாது. வெள்ளைச் சேலையில் எடுத்து அதன் மேல் சிவப்பைப் போடலாம்தான். தாலி கட்டிய அன்றே எந்தப் பெண் வெள்ளை கட்டுவாள்? அதற்காகவே ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கிய ஒரு வான நீலச் சேலை ஸ்டூடியோவில் கொடியில் தொங்கும். மணப்பெண் அதைக் கட்டிக்கொண்டு நிற்பாள். படத்தில் அது வெள்ளையாகும். வெள்ளையின் மேல் அக்கா கூறைச் சிவப்பைப் போட்டுவிடுவார். கஜா பெராங்கிலும் புக்கிட் பாருவிலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் சிவப்புக் கூறையோடு நிற்கும் பெண்கள் உண்மையில் அந்த ஒரே நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தார்கள்.

ஜப்பான்காரன் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆவணியில்தான் வம்பு வந்தது. கோயில் இளைஞர்கள் புதுக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு குழுப்படம் எடுத்தார்கள். கொடிக்கு நீலச் சேலை கட்ட முடியுமா? சிவப்புக் கோடெல்லாம் கறுப்பாக, நீல மூலை வெளிறிப்போய், பிறையும் நட்சத்திரமும் அழுக்குச் சாம்பலாக விழுந்தன. அக்கா கோடுகளின் மேல் சிவப்பைத் தேய் தேய் என்று தேய்த்தார். காய்ந்த புண் மாதிரி ஒரு நிறம்தான் வந்தது.

"எந்த நாட்டுக் கொடிண்ணே இது?" என்று பையன்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொன்னம்மா வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். ஒரே மகள் விஜயாவுக்கு அந்த மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"சுந்தரம், கோயில்ல அந்தக் கொடியப் பாத்தேன். அந்தக் கதி எம்மக கூறைக்கு ஆகக்கூடாது."

"ஆகாதுக்கா. நம்மகிட்ட நீலச் சேலை இருக்கு. பாப்பா அத மாத்திக்கிட்டா…"

"மாத்துறதா? தாலி ஏறுன உடம்புலேருந்து கூறைய அவுத்துட்டு, ஊர்ல உள்ளவ எல்லாம் கட்டுன சேலையக் கட்டுவாளா எம்மக?"

"எல்லாரும் அப்படித்தானே எடுக்குறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலயே" என்றார் பூங்காவனம் அக்கா.

பொன்னம்மா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"எங்க கல்யாணத்தப்ப ஒருத்தன் படம் புடிச்சான். கூறையோடதான் நின்னேன். படத்துல கன்னங்கரேல்னு வந்துச்சு. எங்க மாமியா சுவத்துல மாட்டவே விடல, பெட்டிக்கு அடியில போட்டுட்டாங்க. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். சயாமுக்கு ரயில் பாதை போடணும்னு அவர இழுத்துக்கிட்டுப் போனான். திரும்பல." அவர் நிமிர்ந்தார். "படத்தாலதான் போனாருன்னு சொல்ல நான் பைத்தியம் இல்ல. ஆனா எம்மக படம் கறுப்பா வரக்கூடாது. கட்டுன கூறையே இருக்கணும், செவப்பாவும் இருக்கணும்."

"டவுன்ல பெரிய ஸ்டூடியோ இருக்கேக்கா. அங்க…"

"அங்க மூஞ்சிக்கு ரோஸ் பவுடர் அப்புன மாதிரி கலர் போட்டு வுட்டுருவாங்க. எம்மக கறுப்பு. அவ கறுப்பாத்தான் இருக்கணும், சேலைதான் செவப்பா இருக்கணும். அதுக்குப் பூங்காவனம் கைதான் சரி."

அவர் போன பிறகு அண்ணன் வெகுநேரம் கேமராவின் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

அந்த வாரமே தேவதாஸ் வந்தார். சிங்கப்பூரிலிருந்து ஊர் ஊராகப் போய் ஸ்டூடியோக்களுக்கு பிலிமும் மருந்தும் விற்கிறவர். எந்நேரமும் சிரிப்பு. கூறைக் கதையைக் கேட்டதும் பெட்டியிலிருந்து ஒரு புது உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தா, இது கண்ணு தொறந்த பிலிம். எல்லாக் கலரும் தெரியும். செவப்பு செவப்புக்குரிய அளவுல விழும், நீலம் நீலத்துக்குரிய அளவுல விழும். கூறையோடயே நிக்கச் சொல்லு. சாம்பலாத்தான் வரும், கறுப்பா வராது. அது மேல உன் வீட்டம்மா கலர் போடட்டும், ஜொலிக்கும்லா!"

"இத ஏன்யா இத்தன நாளாச் சொல்லல?" என்றார் அக்கா.

"சொன்னேனே, உங்க வீட்டுக்காரர்தான் வேணாம்னுட்டார். ஒரே ஒரு தொல்லை இருக்கு. இதுக்குச் செவப்பு தெரியும்ல? அப்ப இருட்டறையில இருக்கிற செவப்பு வெளக்கும் தெரியும். வெளக்கு பட்டா பிலிம் காலி. கும்மிருட்டுல கழுவணும்."

அண்ணன் தலையை ஆட்டினார். "அதான் முடியாதுன்னேன். மூவார்ல நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துலேருந்து வெளக்கு போட்டுத்தான் கழுவுறேன். வெளக்கு இல்லாம எப்படி? பாதியில கை தடுமாறுனா விஜயா கல்யாணமே போச்சு. தாலியத் திருப்பிக் கட்டச் சொல்லவா முடியும்?"

"வருசக்கணக்கா கழுவுற கைக்கு என்ன தடுமாத்தம்?"

"உனக்கு என்ன தெரியும் பூங்காவனம், நீயா உள்ள வர்ற?"

அவர் சொன்னது உண்மைதான். அந்த அலமாரி அறைக்குள் ஓர் ஆளுக்கு மேல் நிற்க முடியாது. அக்காவின் வேலையெல்லாம் பின்கட்டில். தேவதாஸ் ஓர் உறையை மேசையிலேயே வைத்துவிட்டு, "பழகிப் பாரு, இது சும்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா ஒரு முடிவோடு எழுந்தார். அறை உண்மையிலேயே கும்மிருட்டாக இருக்குமா, கதவிடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசல் பெஞ்சில் இருந்தேன். அண்ணன் அறைக்கு வெளியே, விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளிச்சம் எங்கயும் கசியல. வெளக்கப் போடுங்க, மேல சொவரப் பாக்கணும்."

டக்.

"போடுங்கன்னா!"

"போட்டாச்சு."

"எங்க போட்டீங்க? சுவிட்சத் தட்டுங்க."

"தட்டியாச்சு பூங்காவனம்!"

"அட, ஒண்ணுமே தெரியலங்கறேன்!"

"செவப்பு வெளக்கு வேற எப்படி இருக்கும்? இரு, வரேன்." அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சாத்தினார். இரண்டு பேர் இடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு அவர் குரல், வெகு நிதானமாக: "இதோ, எரியுதே. எப்பவும் போல."



"தம்பி!" என்று அக்கா கத்தினார். "டார்ச் எடுத்துக்கிட்டு வா!"

நான் ஓடினேன். கதவைத் திறந்து டார்ச் அடித்தோம். சுவரில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பல்பு. அக்கா பெட்டியின் மூடியைக் கழற்றினார். பல்பு உள்ளுக்குள் கருகிப் போயிருந்தது. அதற்கும் தகரத்துக்கும் நடுவே, தூசியில், இரண்டு பல்லி முட்டைகள். ஒன்று எப்போதோ பொரிந்து வெறும் ஓடாகியிருந்தது.

"சூடு இருந்தா பல்லி வந்து முட்டை போடுமா?" என்றார் அக்கா மெதுவாக. "இது எந்தக் காலத்துல அணைஞ்சுதோ. நீங்க பாக்கவே இல்லையா?"

அண்ணன் பல்பையும் முட்டை ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூவார்ல எங்க முதலாளி சொன்னாரு, செவப்பு வெளக்கு பிலிமுக்குத் தெரியாதுன்னு. பிலிமுக்கே தெரியாதுன்னா நமக்கும் தெரியாது போலன்னு நெனச்சேன். மத்தவங்களும் அப்படித்தான் கழுவுறாங்கன்னு நெனச்சேன்."

"மத்தவங்களுக்கு அது செக்கச்செவேல்னு தெரியும்! அதுல பாத்துக்கிட்டேதான் கழுவுவாங்க!"

"அப்ப நான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் என்னை அறியாமல் சொல்லிவிட்டது: "வாய்ப்பாடு."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, நீங்க வாய்ப்பாட்ட வச்சுத்தான் கழுவுறீங்க. கண்ண வச்சு இல்ல."

அதுதான். மருந்தில் பிலிம் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்பதற்கு அவர் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடிகாரமாக வைத்திருந்தார். பிலிமின் எந்தப் பக்கம் மேலே என்பதை ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டைத் தடவித் தெரிந்துகொள்வார். எந்தத் தட்டில் எந்த மருந்து என்பது கைக்கே தெரியும்.

அக்கா விடவில்லை. சாமி படத்துக்கு முன்னாலிருந்து குங்குமச் சிமிழையும், அடுப்பிலிருந்து ஒரு துண்டு கரியையும் கொண்டு வந்தார். இரண்டையும் ஒரு வெற்றிலையின் மேல் தேய்த்து நீட்டினார்.

"எது குங்குமம்?"

அண்ணன் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மோந்து பார்த்துச் சரியாகச் சொன்னார்.

"மோந்து பாத்தா ஆட்டம் செல்லாது" என்றார் அக்கா. சிரிக்கத்தான் போனார். சிரிப்பு வரவில்லை. "அப்ப என் நெத்தியில இருக்கறது?"

"குங்குமம்னு தெரியும். செவப்புன்னும் தெரியும், எல்லாரும் சொல்றாங்களே. என் கண்ணுக்கு அது இந்தக் கரி மாதிரிதான் இருக்கும். உனக்கும் அப்படித்தான் இருக்கும், இதுக்குத்தான் செவப்புன்னு பேருன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த பிலிமைப் போலவே அவர் கண்ணும் சிவப்பைக் கறுப்பாகவே வாங்கிக்கொண்டிருந்தது. எது கறுப்பாக விழும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அக்கா வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி. பொன்னம்மாக்காகிட்ட நான் போய்ச் சொல்றேன். கூறையோடயே வரட்டும்."

"பூங்காவனம், நான் இன்னும்…"

"நீங்க இத்தன வருசமா கும்மிருட்டுலதான் கழுவிக்கிட்டு இருந்திருக்கீங்க. இன்னும் என்ன பழகணும்?"

இருந்தாலும் அவர் பழகிப் பார்த்தார். தேவதாஸ் விட்டுப்போன உறையிலிருந்து ஒரு பிலிமில் அக்காவையே நிறுத்திப் படம் எடுத்துக் கழுவினார். பிலிம் நன்றாகவே வந்தது. பின்னால் தொங்கிய திரையில்தான் ஒரு வேடிக்கை. பழைய பிலிமுக்காக அடர்நீலத்தில் வானம் எழுதிய திரை அது. படத்தில் வெள்ளை வானமாக வரும். கண் திறந்த பிலிமில் அது மழைமேகமாக விழுந்துவிட்டது. கல்யாணத்தன்று திரையை மடித்து வைத்துவிட்டு, வெறும் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் விஜயாவையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினார். மாப்பிள்ளை கெமாஸில் ரயில்வே வேலை. அன்று சாயங்கால ரயிலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இன்னொரு தடவை எடுக்க வாய்ப்பில்லை.

பொன்னம்மா வாசலுக்கு வெளியே, மகளின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். "செவப்பா வருமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "வரும்மா" என்றேன்.

மத்தியானம் என் அறையில் படுத்திருந்தேன். கீழே கதவு சாத்தும் சத்தம். வாய்ப்பாடு தொடங்கியது. குரல் முதல் இரண்டு வரியில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு பழைய நடைக்கு வந்துவிட்டது. அது முடியும்வரை நானும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா பின்கட்டில் தாளில் படம் ஏற்றினார். ஈரத் தாளைக் கொடியில் மாட்டிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றார். விஜயா நல்ல கறுப்பாக, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். கூறை கறுப்பாக இல்லை. இளம் சாம்பல் நிறத்தில், மடிப்புக்கு மடிப்பு ஒளி விழுந்து, சரிகையும் பூவேலையும் தனித்தனியாகத் தெரிந்தது. இன்னும் ஒரு துளி சாயம்கூட அதன் மேல் படவில்லை.

 அண்ணன் விரலை ஈரத்தின் மேல் படாமல் சேலையை ஒட்டிக் கொண்டுபோனார்.

"இவ்வளவு வெளிச்சமாவா இருக்கும்?"

"எது?"

"செவப்பு. உங்களுக்கெல்லாம் செவப்பு இவ்வளவு வெளிச்சமாவா தெரியுது?"

அக்கா படத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "ஆமா" என்றார். "இவ்வளவு வெளிச்சம்தான்."

"நான் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இரண்டாம் நாள் அக்கா கலர் போட்டு முடித்தார். பொன்னம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்தார். படத்தைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்து, கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். கூறை செக்கச்செவேல் என்றிருந்தது. மகள் கறுப்பாகவே இருந்தாள்.  பொன்னம்மா அதைப் பைக்குள் வைக்காமல், சேலைத் தலைப்பால் போர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வீதி முனை வரை போனவர் திரும்பி வந்து, "ஆணி அடிக்க ஒரு சுத்தியல் இருக்குமா?" என்று கேட்டு வாங்கிப் போனார்.

கலர் போட்ட படத்தை அண்ணன் ஒரு தடவைதான் பார்த்தார். சாயம் ஏறியதும் அவர் கண்ணுக்குச் சேலை மறுபடி இருண்டுவிட்டது. கலர் போடாத இன்னொரு பிரதியை அக்காவிடம் கேட்டு வாங்கி, கேமராவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அவரிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. "தம்பி, செம்பருத்தியும் இந்தச் சேலை அளவுக்கு வெளிச்சமா?" "தபால் பெட்டி எப்படி, இதவிடக் கூடவா, கொறைச்சலா?" "பூங்காவனம், உன் பொட்டு?" தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார். கண்ணிருந்தும் கவனிக்காதவர்கள் என்று எங்களைத் திட்டுவார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீதியிருந்த பிலிமில் ஒன்றை மாட்டி, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே டச்சுக்காரன் கட்டிய செங்கட்டடத்தை அவர் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார். எப்போதும் அது வெயிலிலும் இருண்டே கிடக்கும், படத்திலும் அவர் கண்ணிலும். திரும்பி வந்து சட்டைகூட மாற்றாமல் இருட்டறைக்குள் போனார். வாய்ப்பாடு ஓட்டமாக ஓடியது. எட்டுப் பதினாறுக்குப் பிறகு ஒன்பது பதினாறு கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை.

தாளில் ஏற்றிப் பார்த்தால் கட்டடம் மங்கிப் போய் இருண்டு கிடந்தது.

"இதுவும் கறுப்பாத்தான் இருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அக்கா பிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டடம் கறுப்பில்ல. நீங்க பாதி வாய்ப்பாட்டுலயே வெளிய எடுத்துட்டீங்க. பிலிம் சரியா வேகல. போய்த் திரும்ப எடுத்துக்கிட்டு வாங்க."

"வெயில் போயிருமே."

"அப்ப அடுத்த ஞாயிறு. கட்டடம் எங்கயும் ஓடிறாது."

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி போய் வந்தார். நான் மாடியில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கீழே கதவு சாத்தியது. வாய்ப்பாடு தொடங்கியது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது.